உழவர் காய்கறியும் கூட்டுறவுப் பண்டகசாலையும்

சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில், வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்ததும், அங்கத்தினர் ஒருவர் எழுந்து வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. "நம் ஊரில் கத்தரியும் வெண்டையும் விளைகின்றன. விளைவிப்போரும் கூட்டுறவாளர், உண்போரும் கூட்டுறவாளர். அவ்வாறிருக்க, இக்காய்கள் முதலில் நகரத்துக் கமிஷன் மண்டிக்குச் சென்று, தரகும் ஏற்றுகூலியும் சேர்ந்து, மறுநாள் நம் தெருவுக்கே விலை கூடி வருவானேன்? நம் பண்டகசாலையே வாங்கி விற்றால் ஆகாதா?" என்பார். கூட்டத்தார் ஆமோதிப்பர். தலைவர் ஆவன செய்வதாக விடையளிப்பார். சில ஊர்களில் உண்மையாகவே ஆவன செய்யப்படுவதும் உண்டு. ஓராண்டு சென்றபின் அந்தக் காய்கறிப் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்கும் கடமை என்போன்ற ஆய்வாளர்களைச் சேர்கிறது.

அவ்வாறு நான் பார்த்த பண்டகசாலை ஒன்றின் செய்தியைக் கூறுகிறேன். ஊர்ப்பெயர் வேண்டா. பங்குனியில் காய்கறிப் பிரிவைத் திறந்தார்கள், கார்த்திகையில் மூடினார்கள். இருப்புப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் நாள்தோறும் இவ்வகைக் குறிப்புகள் இருந்தன: 'வெண்டை முற்றல்', 'கீரை வாடல், மாட்டுக்குப் போட்டது', 'தக்காளி நசுங்கல்.' செயலாளர் நாணயமானவர். தராசில் குறையில்லை, கையிருப்பில் ஒரு காசும் பிசகவில்லை. பின் ஏன் மூட நேர்ந்தது? முகூர்த்த நாட்களில் மண்டியில் விலை ஏறும். அன்றைக்கு உழவர் நல்ல காயை மண்டிக்கு அனுப்பிவிடுவார். ஆடியில் திருமணங்கள் இல்லை; விலை விழும். அப்போது கூடை கூடையாகப் பண்டகசாலை வாயிலில் வந்து இறங்கும். வாங்கும் அங்கத்தினரும் இதற்கு இளைத்தவரல்லர். தள்ளுவண்டியில் மலிவாகக் கிடைக்கும் நாளில் அங்கே வாங்கினர். வெளியே விலை ஏறிய நாளில் பையும் கையுமாகப் பண்டகசாலையில் வரிசையில் நின்றனர்.

இவர்களில் எவரையும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கடன் தவணை கட்டவேண்டிய உழவர் கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தை நாடுவார். வாரக்கூலியில் காலந்தள்ளும் நெசவாளர் குடும்பம் 5 ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கும். அவர் இத்தனை கிலோ தருவதாகச் சொல்லவில்லை. இவர் இத்தனை கிலோ கொள்வதாகச் சொல்லவில்லை. வாக்கே கொடாதபோது வாக்குத் தவறியவர் என்று எவரைச் சுட்டுவது?

நட்டம் எங்கே பிறக்கிறது என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். பண்டகசாலை 100 கிலோ தக்காளியைக் கிலோ 20 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். அடக்கம் ரூ. 2,000. கிலோ 25 ரூபாய்க்கு முழுவதும் விற்றால் ரூ. 2,500 வரும். இடையிலுள்ள 500 ரூபாயில் வண்டி வாடகையும் விற்பனையாளர் ஊதியமும் அடங்கவேண்டும். ஆனால் 20 கிலோ அழுகிப்போனால் மீதி 80 கிலோவுக்குக் கிடைப்பது சரியாக ரூ. 2,000. இலாபம் முழுதும் அந்த 20 கிலோவோடு குப்பைக்குச் சென்றுவிட்டது. வண்டி வாடகையைக் கைமுதலிலிருந்து கொடுக்கவேண்டும். 30 கிலோ போனாலோ அடக்கத்திலேயே ரூ. 250 துண்டு விழும். இந்நிலையில் நிர்வாகக் குழு செய்வது யாது? விற்பனை விலையை 28 ஆக்கும். அங்கத்தினர் தள்ளுவண்டிக்குப் போவர். மிச்சம் இன்னும் கூடும். அல்லது கொள்முதல் விலையை 17 ஆகக் குறைக்கும். உழவர் மண்டிக்குப் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகலின் கணக்கு விடுவதில்லை.

நமது கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் ராச்டேல் நகரம் என்பதை அங்கத்தினர் அறிவர். 1844ஆம் ஆண்டு அங்கே 28 பேர் சேர்ந்து கடை திறந்தனர். அவர்களுள் தறியில் அமர்ந்த நெசவாளர் பலர். ரொக்க விற்பனை, ஊரில் நடக்கும் விலை, வாங்கியதற்கேற்ற பங்கீடு என்பன அவர்கள் வகுத்த நெறிகள். 1904இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் முதலாக நம் நாட்டுப் பண்டகசாலைகள் அவ்வழியே நடந்தன, நன்றாகவும் நடந்தன. ஆனால் ராச்டேல் கடையின் முதற் சரக்குகள் எவை என்று நோக்குங்கள்: மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய். இன்று விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கக்கூடியவை. மூட்டையில் கிடக்கும் பருப்புக்கும் கூடையில் கிடக்கும் வெண்டைக்கும் ஒரே நெறியைப் பொருத்தினோம். வெண்டை காத்திருக்கவில்லை.

காத்திராத பொருளுக்கு வேறொரு நெறி வேண்டும். அதைத் தெளிவாகக் கண்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திக் காட்டியவர்கள் ஜப்பான் நாட்டுக் கூட்டுறவாளர்கள். ஆகவே அவர்களுடைய செய்தியைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

1965ஆம் ஆண்டு டோக்கியோ மாநகரின் செதகாயா பகுதியில் இல்லத்தரசியர் சுமார் 200 பேர், பால் விலை ஏற்றத்தைத் தாளாமல், 300 புட்டிப் பாலை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர். இவானே குனியோ என்பவர் இம்முயற்சியை முன்னின்று அமைத்தார். 'செய்கட்ஸு கிளப்' என்று அதற்குப் பெயர். வாழ்க்கைக் கழகம் என்று நாம் தமிழில் கூறலாம். 1968இல் அது முறையான நுகர்வோர் கூட்டுறவாயிற்று. தொடக்க காலத்தில் அதற்குக் கடையென்று ஒன்று இல்லை. அக்கம் பக்கத்துக் குடும்பங்கள் சுமார் பத்து சேர்ந்து ஒரு குழுவாகும். அதனை 'ஹான்' என்பர். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வேண்டியதை முன்னதாகவே எழுதிக் கொடுக்கும். குழுவின் தேவையை ஒருவர் கூட்டி அனுப்புவார். வண்டி குழுவின் வாயிலுக்கு வரும்; வந்ததை அங்கேயே பிரித்துக்கொள்வர். எழுதிக் கொடுத்த அளவே வருவதால் மிச்சம் என்ற பேச்சே இல்லை. மாதந்தோறும் ஒவ்வோர் அங்கத்தினரும் சிறுதொகையைப் பங்கு மூலதனத்தில் சேர்த்து வருவதும் அவர்கள் வழக்கம்.

இத்துடன் நின்றிருந்தால் அது மலிவாகப் பால் வாங்கும் ஏற்பாடாகவே இருந்திருக்கும். ஆனால் புட்டியிலுள்ள பால் எப்பண்ணையிலிருந்து வருகிறது, கறப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று அப்பெண்மணிகள் வினவத் தொடங்கினர். அவ்வினா அவர்களைப் பண்ணைகளுக்கே அழைத்துச் சென்றது. 1970களின் இறுதியில், டோக்கியோவை அடுத்த சிபா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளருடன் கூட்டு முதலீடு செய்து, பால் பதனிடும் ஆலையொன்றையே அமைத்தனர். வடக்கே யாமாகத்தா மாவட்டத்தின் யூசா என்னும் ஊரிலுள்ள நெல் விளைவிப்போருடன் 1970களில் தொடங்கிய உறவு இன்றளவும் தொடர்கிறது. ஒரே பொருளில் பத்து வகைகளை அடுக்கிவைப்பது இவர்கள் முறையன்று. வகை குறைந்தால் ஒவ்வொன்றின் அளவு பெருகும். அளவு பெருகினால் விளைவிப்பவர் நம்பி விதைக்கலாம்.

இவர்கள் செய்தவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது பன்றியிறைச்சி பற்றிய ஏற்பாடே. புலால் உண்ணாத அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். இதிலுள்ள கூட்டுறவுத் தத்துவம் வாழைக்கும் பொருந்தும். ஒரு விலங்கில் எல்லோரும் விரும்பும் பகுதி சிறிதே. எல்லோரும் அதையே கேட்டால் எஞ்சியதை அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டும். அந்த இழப்பு வளர்த்தவர் தலையில் விழும். எனவே, முழு விலங்கையும் நாமே கொள்வோம் என்று 1970களில் ஹிராதா பண்ணையாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். விரும்பிய பகுதியும் விரும்பாத பகுதியும் அங்கத்தினரிடையே பங்கிடப்பட்டன. எளிதில் செலவாகாத பகுதியை எவ்வாறு சமைப்பது என்று ஒருவருக்கொருவர் கற்பித்தனர். நம் வாழைத்தோட்டத்திலும் இதே நிலைதான். தார் மட்டும் வேண்டும் என்றால் விலை ஒருவிதம். இலையும் பூவும் தண்டும் அதே குடும்பங்கள் எடுத்துக்கொள்ளும் என்றால், தாரின் விலையைச் சிறிது குறைத்துக் கொடுத்தாலும் உழவருக்குக் கட்டுபடியாகும். வளைந்த புடலையும் சிறுத்த கத்தரியும் குழம்பில் ஒரே சுவைதான் என்பதை நான் சொல்லி அறியவேண்டிய நிலையில் நம் தாய்மார்கள் இல்லை.

இதே காலத்தில் ஜப்பானில் மற்றோர் இயக்கமும் எழுந்தது. 1971இல் இச்சிராகு தெருவோ என்னும் பழுத்த கூட்டுறவாளர் இயற்கை வேளாண்மைச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். உழவரும் உண்போரும் இடையில் எவருமின்றி நேர்முகமாகக் கைகோப்பதை 'தெய்கெய்' என்றனர். அதற்கென 1978இல் வகுக்கப்பட்ட பத்து நெறிகளில் மூன்று நமக்கு நேரே பயன்படும்: என்ன பயிரிடுவது என்பதை இரு தரப்பும் முன்பே பேசி முடிவு செய்தல், அவ்வாறு விளைந்ததை முழுதும் ஏற்றல், விலையை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வகுத்தல்.

வாழ்க்கைக் கழகத்துக்கு 1989இல் ஸ்டாக்ஹோமில் வழங்கப்படும் 'நல்வாழ்வு நெறி' விருது கிடைத்தது. இன்று 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்டது அக்கழகம். எனினும் அங்கே எல்லாம் குறைவின்றி நடக்கிறது என்று நான் கூறமாட்டேன். ஹான் முறையின் வேலைகளை, அதாவது எழுதுதல், கூட்டுதல், பிரித்தல் ஆகியவற்றை, ஊதியமின்றிச் சுமந்தவர்கள் பெண்கள். அவர்கள் வெளியே வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் பகலில் வீட்டில் இருந்து பிரித்தெடுக்க ஆளில்லாமற் போயிற்று. குழுக்கள் சுருங்கின; தனித்தனி வீடுகளுக்குக் கொண்டுசென்று தரும் முறை வளர்ந்தது. தெய்கெய் குழுக்களையும் இதே இடர் பற்றியது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1973இல் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவு இதற்கு வேறு வழி கண்டது. அங்கத்தினரே அங்கு வாங்கலாம்; அங்கத்தினர் யாவரும் முறை வைத்துச் சில மணி நேரம் கடையில் உழைக்கவேண்டும். ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடில்லை. மூட்டை இறக்குவது முதல் தரை பெருக்குவது வரை அவர்கள் கையால் நடப்பதால் செலவு குறைகிறது. சுற்றுவட்டார உழவர்களின் விளைபொருளும் அங்கே பெருமளவில் விற்கிறது. இம்முறையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர இயலுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நெசவாளர் வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதும் பாவு வேலையில் கைகொடுப்பதும் முடித்து அடுப்படிக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அவர்கள் மேல் இன்னுமொரு கூலியில்லா வேலையை ஏற்றுவது முறையன்று. பிரித்துக் கொடுப்பவருக்கு நாளுக்கு இவ்வளவு என்று கூலி எழுதிக் கணக்கில் சேர்த்துவிடுதலே நேர்மை. மிச்சம் அழுகாத கடையில் அக்கூலிக்கு இடம் இருக்கும்.

நிற்க. இதை நம் நாட்டில் எங்கே தொடங்குவது? புதிதாகச் சங்கம் பதிவு செய்யவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் ஒரே ஊரில் அல்லது அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். முன்னது கைத்தறித் துறையின் கீழும், பின்னது கூட்டுறவுத் துறையின் கீழும் இருப்பதால், இரண்டின் நிர்வாகிகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசுவது அரிதாகிவிட்டது. இரு சங்கங்களும் தத்தம் கூட்டத்தில் தீர்மானம் இயற்றி, துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று தத்தம் துறை அலுவலரிடம் கேட்டறிந்து, ஒரு பருவத்துக்கு மட்டும் கொள்முதல் உடன்படிக்கை செய்துகொள்வதே போதுமானது. ஒருபுறம் வாரந்தோறும் கூலி பெறும் 60 குடும்பங்கள். மறுபுறம் கிணற்றுப் பாசனமுள்ள ஏழெட்டு உழவர்கள். தொடக்கத்துக்கு இதற்குமேல் வேண்டா.

நெசவாளர்க்கு இம்முறை புதியதும் அன்று. சங்கம் நூல் கொடுக்கிறது. இன்ன இரகம், இன்ன அளவு என்று சொல்கிறது. நெய்ததை வாங்கிக்கொண்டு கூலி தருகிறது. எடுத்துக்கொள்வார் உண்டு என்ற நம்பிக்கையில்தான் தறி ஓடுகிறது. அதே நம்பிக்கையை உழவரின் பாத்திக்கு அளிப்பதே நாம் பேசும் ஏற்பாடு. உழவர் சந்தைகள் 1999இல் மதுரையில் தொடங்கிப் பரவி, இடைத்தரகை ஒழிப்பதில் நற்பணி ஆற்றிவருவதை யாவரும் அறிவர். அங்கேகூட, கொண்டுசென்ற காய் விற்குமா என்ற கவலை விளைவித்தவரையே சார்ந்திருக்கிறது. ஒரு நாளின் முற்பகலும் அவருக்குச் சந்தையிலேயே கழிகிறது.

முன்வாக்கு இருவகையாக இருத்தல் நலம். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டிய காய். இரண்டு நாள் தாமதித்தால் நார் பாய்ந்துவிடும். கத்தரி பல மாதம் காய்க்கும். இவ்வாறு தொடர்ந்து வருபவற்றுக்குப் பருவம் முழுமைக்கும், 'வாரம் இன்ன கிழமை, இன்ன அளவு' என்று குடும்பம் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். கீரை, முருங்கை, பூசணி போன்றவற்றுக்கு வாரப் பட்டியல் போதும். தொலைபேசியிலேயே பட்டியலை அனுப்பும் வசதி இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. இல்லாதவர்க்குச் சங்க அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கட்டும். குடும்பத்துக்கு வாரம் 4 கிலோ என்று கொண்டால், 60 குடும்பங்களுக்கு 240 கிலோ ஆகும். அந்த 240 கிலோவையும் வாக்காக வாங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. விருந்தாளி வருவதும் ஊருக்குப் போவதும் குடும்பங்களில் இயல்பு. முக்கால் பங்குக்கு, அதாவது 180 கிலோவுக்கு, வாக்குப் பெற்றால் அது நிலைக்கும். வாரக்கூலியில் சிக்கன நிதிக்குப் பிடித்தம் செய்வது நெசவாளர் சங்கங்களில் பழகிய முறையாதலால், எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, காய்கறிக்கான தொகையையும் அவ்வாறே கழித்துக்கொள்ளலாம். உழவருக்குரிய பணம் அதே வாரம் அவர் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும். இதில் ஒரு வாரம் தாமதமானால், அடுத்த வாரம் அவர் வண்டி மண்டிப் பக்கம் திரும்பும். அதைத் தடுக்க எந்தத் துணைவிதியாலும் ஆகாது.

விலை பற்றி நீண்ட வாதம் எழும், எழட்டும். ஆண்டு முழுவதும் ஒரே விலை என்று எழுதுவோர் உண்டு. நம் சந்தையில் தக்காளி விலை ஒரே ஆண்டில் ஏறி இறங்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள். கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் வகுப்பதே தக்கது. உதாரணமாக, தக்காளிக்குக் கீழெல்லை 15, மேலெல்லை 30 என்று கொள்வோம். மண்டியில் 6 ரூபாய்க்கு விழுந்தாலும் அங்கத்தினர் 15 தருவார். 70 ரூபாய்க்கு ஏறினாலும் உழவர் 30க்கே தருவார். இவ்விரண்டு எண்களும் நிர்வாகக் குழுவின் அறையில் பிறக்கக்கூடாது. விதை, உரம், பறிகூலி, தண்ணீருக்கான செலவு ஆகியவற்றை உழவர் வெளிப்படையாகப் பலகையில் எழுத, அதைப் பார்த்து இரு தரப்பாரும் பேசி முடிக்கவேண்டும். நெசவாளர் அங்கத்தினர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். சேலையின் விலையில் தமக்குக் கிடைப்பது எவ்வளவு என்ற கணக்கை அவர்கள் நாள்தோறும் பார்ப்பவர்கள் அல்லவா?

மழை பெய்து தோட்டம் மூழ்கினால் என்செய்வது? பூச்சி விழுந்தால்? வாக்குக் கொடுத்த உழவர் வெளிச்சந்தையில் வாங்கித் தரவேண்டும் என்று எழுதினால் அவர் அழிவார். இரண்டாம் பருவத்துக்கு எவரும் வரமாட்டார். கிலோவுக்கு 50 காசு உழவரும் 50 காசு அங்கத்தினரும் தனியே ஒதுக்கி, இடர்நிதி என்று வேறு பேரேட்டில் வைப்பது நலம். இந்நிதியை எக்காரணத்தாலும் அன்றாட நடப்புச் செலவுக்கு எடுக்கக்கூடாது. வேறு பல சங்கங்களில், நற்பெயரிட்டுத் தொடங்கிய நிதிகள் ஆண்டிறுதியில் வண்டி வாடகைக்குக் கரைந்திருப்பதைக் கண்ட பிறகே இதை இவ்வளவு கண்டிப்பாகக் கூறுகிறேன்.

பதிவேடுகள் மூன்று போதும்: வாக்குப் பதிவேடு, வரவும் பங்கீடும் காட்டும் நாட்பதிவேடு, இடர்நிதிப் பேரேடு. வாக்குக்கும் உண்மையாக எடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டை வாரந்தோறும் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். உழவர் தரத் தவறியதும், அங்கத்தினர் எடுக்கத் தவறியதும் அடுத்தடுத்த பத்திகளில் இருக்கட்டும். பெயர் எழுதவேண்டா, கிலோ எழுதினால் போதும்.

ஆடிப்பட்டத்தை நோக்கமாகக் கொள்ளும் சங்கங்களுக்கு ஒரு குறிப்பு. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றின் நாற்று நடவுக்கு ஆயத்தமாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆடியில் நடவேண்டுமானால் ஆனியில் நாற்றங்கால் இடவேண்டும். நாற்றங்காலின் அளவை உழவர் முடிவு செய்ய, குடும்பங்களின் வாக்குச் சீட்டுகள் வைகாசிக் கடைசிக்குள் கையில் இருக்கவேண்டும். ஆகவே இரு சங்கங்களின் கூட்டத்தைச் சித்திரையிலேயே கூட்டிவிடுவது நலம்.